பிஎச்ஆர்எஃப் ரேட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகம் வேறுபடும் பாய்மரப் படகுகள் ஒன்றாகப் போட்டியிடும்போது, எந்தப் படகுக்கு எவ்வளவு நேரச் சலுகை என்பதைச் சொல்லும் எண்தான் பிஎச்ஆர்எஃப் ரேட்டிங். அமெரிக்கா, கனடாவில் பாய்மரப் படகு கிளப் ரேஸ்களில் ஆளாக ஏறத் தொடங்கியவர்களும், பழைய படகு ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டு முதல் சீசனுக்குக் காத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

முதலில் வந்த படகுக்குப் பரிசைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?

எல்லாரும் ஒரே வகைப் படகில் ஓடினால் கணக்கே வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் அந்த மாதிரி. ஒரே படகு, ஒரே பாய், முதலில் கோட்டைத் தாண்டியவர் முதலிடம். கிளப் ரேஸ் அப்படியில்லை. துறையில் கட்டியிருக்கும் படகுகளைப் பாருங்கள்: ஒரு கட்டலினா 22, நாலைந்து ஜே/24, ஒரு ஜே/105, இவற்றுக்கு நடுவே குடும்பத்தோடு உலாப் போவதற்கென்று யாரோ எப்போதோ வாங்கிய கனத்த குரூசர். இத்தனையும் ஒரே மாலையில் ஓடி, யார் நன்றாக ஓட்டினார் என்று தெரிய வேண்டுமானால், படகுக்குப் படகு உள்ள வேக வித்தியாசத்தைக் கழித்தாக வேண்டும். அந்தக் கழித்தலுக்குத்தான் ஹேண்டிகேப். வட அமெரிக்காவில் கிளப் அளவில் மிகப் பரவலாக இருக்கும் முறை பெர்ஃபார்மன்ஸ் ஹேண்டிகேப் ரேசிங் ஃப்ளீட், சுருக்கமாக பிஎச்ஆர்எஃப். தெற்கு கலிஃபோர்னியாவில் தொடங்கியபோது முதல் எழுத்து பசிபிக்கைக் குறித்தது. பிறகு நாடு முழுக்கப் பரவியதும் பெயரை மாற்றிக்கொண்டது.

என் படகின் ரேட்டிங் சான்றிதழில் 168 என்று போட்டிருக்கிறது. 168 என்றால் என்ன?

ஒரு கடல் மைலுக்கு 168 விநாடி. பூஜ்ஜியம் ரேட்டிங் உள்ள படகு ஒரு மைல் போகும் நேரத்தைவிட உங்கள் படகுக்கு அவ்வளவு கூடுதலாக ஆகும் என்று எதிர்பார்க்கிறார்கள். எண் பெரிதானால் படகு மெதுவானது. புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டலினா 22 இருநூற்று எழுபதின் பக்கம், ஜே/24 நூற்று எழுபதை ஒட்டி, ஜே/105 தொண்ணூறை ஒட்டி என்று மனதில் வைத்துக்கொண்டால் ஒரு நிதானம் கிடைக்கும். டிபி52 போன்ற பந்தயப் படகுகள் பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸில் இருக்கும். முடிவுக் கணக்கில் அவற்றுக்கு நேரம் கழியாது, கூடும்.

பெரும்பாலான பகுதிகளில் ரேட்டிங்கை மூன்றின் மடங்காகவே தருகிறார்கள். மைலுக்கு ஒரு விநாடி துல்லியத்தில் எங்களால் சொல்ல முடியும் என்று யாரும் பாசாங்கு செய்வதில்லை. இந்த முறையில் எனக்குப் பிடித்த அடக்கம் அது.

போன வருடம் எல்லா ரேஸிலும் ஜெயித்தேன். ரேட்டிங்கைக் குறைத்துவிடுவார்களா?

அதற்காகக் குறைக்கக் கூடாது. கோல்ஃபில் ஹேண்டிகேப் ஆளுக்கு, இங்கே படகுக்கு. அடிப்பகுதி சுத்தமாக, பாய்கள் நல்ல நிலையில், பழகிய ஆட்கள் சரியாக ஓட்டினால் அந்தப் படகு எவ்வளவு வேகம் போகும் என்பதுதான் ரேட்டிங். உங்கள் திறமைக்கு அபராதமும் இல்லை, எதிராளியின் கந்தல் பாய்க்குச் சலுகையும் இல்லை.

ஆனால் இது ஏட்டுச் சட்டம். அந்த ஊரில் உங்கள் ரகப் படகு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, நீங்களும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், ஜெயிப்பது படகா ஆளா என்று பிரித்துப் பார்ப்பது ரேட்டிங் போடும் கமிட்டிக்குக் கஷ்டம். அதே ரகப் படகு வேறு ஊர்களில் எப்படி ஓடுகிறது என்று அவர்கள் தேடுவது அதனால்தான்.

இந்த எண்ணை யார் போடுகிறார்கள்? ஃபார்முலா உண்டா?

ஆட்கள் போடுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிஎச்ஆர்எஃப் அமைப்பு உண்டு: வடக்கு கலிஃபோர்னியா, தெற்கு கலிஃபோர்னியா, நியூ இங்கிலாந்து, செசபீக், வடமேற்கு, பேரேரிகள் என்று. அதில் கிளப்புகளிலிருந்து வரும் தன்னார்வ ஹேண்டிகேப்பர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நீளம், எடை, பாய்ப் பரப்பு, கீல் (படகின் அடியில் நீண்டிருக்கும் கனத்த தகடு) ஆழம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆனாலும் அவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு விடை எடுப்பதில்லை. ஓடிய ரேஸ்களின் முடிவுகளையும், ஒப்பிடத்தக்க மற்றப் படகுகளையும், பிற பகுதிகள் அதே படகுக்குத் தந்திருக்கும் எண்களையும் வைத்து ஒரு கணிப்புக்கு வருகிறார்கள். வெவ்வேறு பகுதிகளின் எண்களைத் தேசிய அமைப்பான யுஎஸ் செயிலிங் தொகுத்துத் தருகிறது. புதிதாகச் சந்தைக்கு வந்த படகுக்கு முதலில் தற்காலிக எண் தருவார்கள், சில ரேஸ்கள் ஓடிய பிறகு அதைத் திருத்துவார்கள்.

கமிட்டியில் இருப்பவர்களும் படகு ஓட்டுபவர்கள்தான், சில சமயம் உங்களோடு போட்டியிடுபவர்களே. “அரசியல்” என்ற பேச்சு வருவதும் இதனால்தான். தங்கள் சொந்தப் படகின் ரேட்டிங் பேச்சுக்கு வந்தால் ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் உள்ள கமிட்டிகளில் அந்தப் பேச்சு குறைவாக இருக்கும்.

என் படகுக்கு இங்கே ஓர் எண், முந்தைய உரிமையாளரின் ஊரில் வேறு எண். எது சரி?

இரண்டும் சரி. கோடையில் கோல்டன் கேட் வழியாகப் பிற்பகல் காற்று சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குள் பாய்ந்து வரும். ஆகஸ்டில் நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் சவுண்ட் என்னும் கடல்பகுதியில் காற்றுக்குத் தவம் கிடக்க வேண்டியிருக்கும். நிறையப் பாயோடு லேசாகக் கட்டிய படகு இரண்டாவதில் ஜொலிக்கும், முதலாவதில் தடுமாறும். ரேட்டிங் அந்தந்த ஊர்த் தண்ணீருக்கும் காற்றுக்கும் உரியது. ஆகவே ஒரு பகுதியின் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பகுதிக்குப் போய் அப்படியே பயன்படுத்த முடியாது. விருந்தாளியாகப் போகிறீர்கள் என்றால் ரேஸ் அறிவிப்பில் அதற்கென ஒரு வரி இருக்கும், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

தெற்கு கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே படகுக்கு மூன்று எண்கள் தருகிறது: மிதவைகளைச் சுற்றி ஓடும் ரேஸுக்கு ஒன்று, பல திசைகளிலும் போகும் தடத்துக்கு ஒன்று, பெரும்பாலும் பின்காற்றில் ஓடும் ரேஸுக்கு ஒன்று. எதிர்க்காற்றில் சாதாரணமாக இருந்து பின்காற்றில் பறக்கும் படகுகளை ஒரே எண்ணில் அடக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

சான்றிதழ் வாங்க என்ன செய்ய வேண்டும்?

உங்கள் பகுதி அமைப்பில் உறுப்பினராகி, விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் யாரும் வந்து அளப்பதில்லை. நீங்களே அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள், அளவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. விண்ணப்பத்தில் நான்கு எழுத்துகள் கேட்பார்கள். பாய்மரத்தின் முன்முகத்திலிருந்து ஃபோர்ஸ்டே (பாய்மரத்திலிருந்து படகின் முன்முனைக்கு வரும் கம்பி) தளத்தைத் தொடும் இடம் வரை ஜே. பாய்மரம், ஃபோர்ஸ்டே, தளம் மூன்றுக்கும் இடைப்பட்ட முன்முக்கோணத்தின் உயரம் ஐ. மரத்தோடு பெரிய பாய் ஏறும் உயரம் பி. பூம் (அந்தப் பாயின் அடியில் உள்ள கம்பம்) வழியாக அதன் அடி நீளம் ஈ. அதற்குமேல் ஸ்பின்னேக்கர் (பின்காற்றில் விரிக்கும் பலூன் போன்ற பாய்) அளவுகள், அதன் கம்பத்தின் நீளம், எஞ்சின், புரொப்பல்லர் விவரம்.

சான்றிதழ் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். மே மாதம் முதல் ரேஸ் அன்று காலையில் அது காலாவதியானதைக் கண்டுபிடிப்பவர்கள் வருடம் தவறாமல் இருக்கிறார்கள்.

ஜெனோவாவின் “155 சதவீதம்” என்பதை எப்படி அளப்பது?

ஜெனோவா என்பது பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வரும் பெரிய முன்பாய். இதை அளப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பாயை இழுத்துப் பிடித்த நிலையில் சமதரையில் விரியுங்கள். புல்தரை போதும், உடன் ஒருவர் வேண்டும். ஷீட் கயிறு கட்டும் மூலையில், அதாவது க்ளூவில், டேப்பின் நுனியை ஒருவர் பிடிக்கட்டும். மற்றவர் டேப்பை எதிரே உள்ள லஃப், அதாவது ஃபோர்ஸ்டேயோடு ஏறும் விளிம்பு, வரை கொண்டுபோய் மேலும் கீழுமாக நகர்த்த வேண்டும். தூரம் எங்கே மிகக் குறைவாக வருகிறதோ அங்கே டேப் அந்த விளிம்புக்குச் செங்குத்தாக இருக்கும். அந்த நீளம்தான் எல்பி. பாயின் அடி விளிம்பை அளந்துவிட்டு எல்பி என்று எழுதுகிறவர்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள், அடி விளிம்பு எப்போதும் அதைவிட நீளம்.

எல்பியை ஜேயால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஜே 10 அடி, எல்பி 15.4 அடி என்றால் 154 சதவீதம். பெரும்பாலான பகுதிகள் 155 வரை உள்ள ஜெனோவாவைச் சாதாரணம் என்று எடுத்துக்கொண்டே அடிப்படை எண்ணைப் போடுகின்றன. எல்பி 15.8 ஆகிவிட்டால் 158. பல ஊர்களில் அதற்கு ரேட்டிங்கிலிருந்து மூன்று விநாடி போய்விடும். நேர்மாறாக, மிகச் சிறிய முன்பாய் மட்டும்தான் வைத்திருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் சலுகை உண்டு. ஆனால் எழுதிக்கொடுத்த பிறகு காற்றில்லாத நாளில் கேபினிலிருந்து பெரிய ஜெனோவாவை எடுக்கக் கூடாது.

என் படகில் மூன்று இலை நிலையான புரொப்பல்லர். அதற்கு ஏதாவது கிடைக்குமா?

பல இடங்களில் கிடைக்கும். அடிப்படை எண் மடங்கும் புரொப்பல்லரை மனதில் வைத்துப் போட்டது. தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும் நிலையான இலைகளுக்கு மூன்று, சில இடங்களில் ஆறு விநாடி கூட்டித் தருவார்கள். விண்ணப்பத்தில் அதை எழுதாமல் விட்டவர்கள் ஏராளம். மடங்கும் புரொப்பல்லருக்கு மாறிய மறுநாளே அதைத் தெரிவிக்கவும் வேண்டும்.

இறுதி முடிவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒரே ரேஸுக்கு இரண்டு விதமான பட்டியல் பார்த்தேன்.

இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வேறு வேறு ஆளை ஜெயிக்க வைக்கும். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

பன்னிரண்டு மைல் ரேஸ், காற்று கொஞ்சம்தான். 168 ரேட்டிங் உள்ள சிறிய படகு சரியாக 4 மணி நேரத்தில் முடிக்கிறது. 108 ரேட்டிங் உள்ள பெரிய படகு 3 மணி 44 நிமிடத்தில், அதாவது 16 நிமிடம் முன்னால்.

முதல் வழி, தூரத்தை வைத்து. ஓடிய நேரத்திலிருந்து ரேட்டிங் × மைல் கழிக்க வேண்டும். சிறிய படகுக்கு 168 × 12 = 2016 விநாடி கழிந்து திருத்திய நேரம் 3:26:24. பெரிய படகுக்கு 108 × 12 = 1296 கழிந்து 3:22:24. பெரிய படகு நான்கு நிமிடத்தில் ஜெயித்தது.

இரண்டாவது வழி, நேரத்தை வைத்து. முதலில் ஒரு பெருக்கு எண்: 650 ÷ (550 + ரேட்டிங்). சிறிய படகுக்கு 0.9053, பெரியதற்கு 0.9878. ஓடிய நேரத்தை இவற்றால் பெருக்கினால் சிறிய படகு 3:37:16, பெரிய படகு 3:41:17. இப்போது சிறிய படகு நான்கு நிமிடத்தில் ஜெயிக்கிறது.

யாரும் ஏமாற்றவில்லை. தூர முறையில் சிறிய படகுக்குக் கிடைக்கும் சலுகை 12 நிமிடம் என்று ரேஸ் தொடங்கும் முன்பே நிர்ணயமாகிவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் முடியும் ரேஸில் அது பெரிய தொகை, நான்கு மணி நேரம் இழுத்தால் போதாத தொகை. ஆகவே காற்று குறைந்த நாளில் தூர முறை வேகமான படகுகளுக்கும், காற்று அடிக்கும் நாளில் மெதுவான படகுகளுக்கும் சாதகம். நேர முறையில் ரேஸ் நீள நீளச் சலுகையும் நீளும்.

நீரோட்டம் உள்ள இடங்களில் நேர முறையே நியாயம் என்பது என் கட்சி. எதிர் நீரோட்டத்தில் பன்னிரண்டு மைல் என்பது படகு கடந்த தண்ணீரின் அளவில் பன்னிரண்டு அல்ல. ரேஸ் கமிட்டிக்கும் இது சௌகரியம்: மிதவை நகர்ந்துவிட்டாலோ தடத்தைக் குறுக்கிவிட்டாலோ தூரத்தை மறுபடி அளக்கத் தேவையில்லை. தூர முறைக்கும் ஒரு பெருமை உண்டு. எந்தப் படகுக்கு எத்தனை நிமிடம் தர வேண்டும் என்று ஓடும்போதே மனக்கணக்கில் தெரியும், பக்கத்தில் வரும் படகைப் பார்த்தே ஜெயிக்கிறோமா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

அந்த 650, 550 எங்கிருந்து வந்தன?

650 அலங்காரம். எல்லாருக்கும் ஒரே எண்ணால் பெருக்குவதால் அது யாருடைய இடத்தையும் மாற்றாது, திருத்திய நேரம் ஓடிய நேரத்துக்குப் பக்கத்தில் தெரியட்டும் என்று போட்டது. 550 தான் வேலை செய்கிறது. அது நடுத்தரக் காற்றுக்கு. பலமான காற்றுக்கு 480, லேசான காற்றுக்கு 600 என்று மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மேலே உள்ள ரேஸில் 600 போட்டாலும் சிறிய படகுதான் முன்னால், ஆனால் இடைவெளி இரண்டரை நிமிடமாகக் குறைகிறது. நெருக்கமான ரேஸில் இந்த மாற்றம் இடத்தையே புரட்டும். எந்த எண்ணை எப்போது போடுவோம் என்பதை ரேஸ் விதிமுறையில் முன்பே எழுதாமல், ஓடி முடிந்த பிறகு “இன்று லேசான காற்று” என்று தீர்மானிக்கும் கமிட்டி சண்டையை வரவழைக்கிறது.

தொடக்கக் கோட்டை ஒரு நிமிடம் தாமதமாகத் தாண்டினேன். என் நேரம் அப்போதிருந்துதானே?

இல்லை. உங்கள் பிரிவுக்கான தொடக்கச் சமிக்ஞை ஒலித்ததிலிருந்து. பந்தய விதிகளின் புள்ளிக் கணக்குப் பிற்சேர்க்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. ரேட்டிங்கில் மூன்று விநாடி கேட்டு அலைகிறவர்கள் தொடக்கத்தில் இழக்கும் அறுபது விநாடியை எண்ணிப் பார்ப்பதில்லை.

மெதுவான படகு முதலில் கிளம்பி, முதலில் வந்தவரே ஜெயிக்கும் ரேஸ் ஒன்று பார்த்தேனே?

அது துரத்தல் ரேஸ். சலுகையைக் கடைசியில் கழிக்காமல் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். பத்து மைல் ரேஸில் 234 ரேட்டிங் படகு மணி 12:00க்குக் கிளம்பினால், 168 படகு 12:11க்கும் 108 படகு 12:21க்கும் கிளம்பும். வித்தியாசத்தை மைலால் பெருக்கிப் பாருங்கள், வரும். கரையில் நிற்பவர்களுக்கும் யார் முந்துகிறார் என்று புரியும் ஒரே ஹேண்டிகேப் ரேஸ் இதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் குளிர்காலத்தில் நடக்கும் த்ரீ பிரிட்ஜ் ஃபியாஸ்கோ இந்த வகை. ஒருவர் அல்லது இருவர் மட்டுமே ஓட்டும் நூற்றுக்கணக்கான படகுகள், மூன்று பாலங்களுக்கு அருகே மூன்று இலக்குகள், எந்த வரிசையில் எந்தத் திசையில் சுற்றினாலும் சரி. கோட்டைத் தாண்டும்போதே படகுகள் எதிரெதிரே வருவதைப் பார்க்க வேண்டும்!

ஸ்பின்னேக்கர் இல்லாமல் ஓடலாமா?

ஓடலாம். முன்பாய், பெரிய பாய் மட்டும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலான கிளப்புகளில் தனிப்பிரிவும் தனி ரேட்டிங்கும் உண்டு. புதியவர்கள் அங்கே தொடங்குவதே நல்லது.

என் ரேட்டிங் அநியாயம் என்று நினைக்கிறேன். என்ன வழி?

முதலில் உங்கள் பகுதி ஹேண்டிகேப்பருக்கு எழுத்தில் மனு. அதில் திருப்தி இல்லையென்றால் பகுதியின் மேல் கமிட்டி. அதற்கும் மேலே யுஎஸ் செயிலிங் வரை போக வழி உண்டு.

மனுக்கள் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: “இந்த சீசனில் ஒன்பதாம் இடம் வந்தேன்” என்பதைத் தவிர அதில் ஒன்றும் இருப்பதில்லை. ஒன்பதாம் இடத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். கமிட்டி கேட்பது வேறு. அதே ரகத்தின் பிற படகுகள், நன்றாக ஓட்டப்படுபவை, வெவ்வேறு காற்றில் எப்படி வருகின்றன? மற்றப் பகுதிகளில் அதற்கு என்ன எண்? உங்கள் படகு அந்த ரகத்திலிருந்து எதில் வேறுபடுகிறது, குட்டையான பாய்மரமா, ஆழம் குறைந்த கீலா, அதிக எடையா? இவற்றை அளவோடு, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள்.

மனு எழுத உட்காரும் முன் முகமூடியும் ஸ்கிரேப்பரும் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் படகின் அடியைப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சில வாரங்களிலேயே வழுவழுவென்று பாசி படியும், அதன்மேல் கொட்டலசு ஒட்டும். கீலின் முன்விளிம்பு, சுக்கான், புரொப்பல்லர் இலைகள் ஆகிய மூன்று இடங்களையும் விரலால் தடவிப் பார்த்தாலே போதும். சொரசொரவென்று இருந்தால் மைலுக்கு மூன்று விநாடியைவிட அதிகமாகவே அங்கே போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கமிட்டி திருப்பித் தராது.

பக்கத்துப் படகு தப்பான அளவு கொடுத்திருக்கிறது என்று சந்தேகம். புகார் செய்யலாமா?

செய்யலாம். ஹேண்டிகேப் முறையில் ஓடும் படகுக்கு அந்த முறையின் விதிகளே வகுப்பு விதிகள் என்று பந்தய விதிகள் சொல்கின்றன. ஆகவே எழுதிக்கொடுத்த அளவுக்கு மாறாக ஓடுவது விதிமீறல், எதிர்ப்பு மனு போடலாம். சான்றிதழ் செல்லுபடியாக இருப்பதற்கும் படகு அதன்படி இருப்பதற்கும் உரிமையாளரே பொறுப்பு. ஆனால் “அவருடைய எண் அதிகமாக இருக்கிறது” என்பதை எதிர்ப்பு மனுவாகப் போட முடியாது. அது ஹேண்டிகேப்பர்களிடம் மறுஆய்வுக்குப் போக வேண்டிய விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ரேஸ் முடிந்த இரவு ஜூரி மேசையில் வாதாடுபவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

மனு போடும் முன் நேரில் கேட்டுப் பாருங்கள். புதுப் பாய் வாங்கியதைத் தெரிவிக்க மறந்திருப்பார், அவ்வளவுதான்.

ஐஆர்சி, ஓஆர்சி என்கிறார்களே, அவை வேறா?

வேறு. இரண்டுமே படகை அளந்து, கணக்கிட்டு எண் தருபவை. ஐஆர்சியை லண்டனின் ராயல் ஓஷன் ரேசிங் கிளப்பும் பிரான்சின் யுஎன்சிஎல் அமைப்பும் நடத்துகின்றன. அதன் சூத்திரத்தை வெளியிடுவதில்லை, அதைக் குறிவைத்துப் படகு கட்டிவிடுவார்கள் என்பதால். ஓஆர்சி தலைகீழ்: சூத்திரம் பகிரங்கம், கணினி ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் திசைக்கும் படகின் வேகத்தைக் கணித்துச் சொல்லும். பெரிய ரேஸ்களுக்கு அவை பொருத்தம். எடை பார்க்கவும் அளக்கவும் செலவாகும், எண் பெறவும் செலவாகும். மாலை நேரக் கிளப் ரேஸுக்கு அந்தச் செலவு யாருக்கும் கட்டாது.

படகு வாங்கப் போகிறேன். “நல்ல ரேட்டிங்” உள்ள படகு எது?

விற்பவர் ஒவ்வொருவரும் தன் படகுக்கு நல்ல ரேட்டிங் என்றுதான் சொல்வார். இன்று சலுகையாகத் தெரியும் எண்ணை நாளை கமிட்டி திருத்தலாம், அதை நம்பிப் பணம் போடாதீர்கள். நீங்கள் ஓடப்போகும் துறையில் அதே ரகம் நாலைந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண் ஏற்கெனவே அடிபட்டுத் தேறியிருக்கும், உதிரிப் பாகமும் யோசனையும் பக்கத்திலேயே கிடைக்கும். என்றாவது ஒருநாள் அவர்களோடு மட்டும் தனிப்பிரிவாக ஓடினால் இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.